நீக்கு என்றால் தள்ளி வை

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்து காற்று. மலை தெரியவில்லை, மேகம் மூடிவிட்டது. சாரல் தென்காசி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வருகிறது.

சாயந்திரம் வகுப்பில் சத்யபிரியா டீச்சர் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தார். எங்கள் முதியோர் வகுப்புக்காக ஒரு இணையதளம் கட்டுகிறார். சீசன் தொடங்கிவிட்டால் பாதிப் பேர் குற்றாலத்தில் கடை போடப் போய்விடுவார்கள். வகுப்புக்கு ஆள் குறையும். அதனால் இனி வீட்டுப்பாடம் அந்தத் தளத்தில் வரும். எந்தத் தேதிக்குள் கொடுக்கவேண்டும் என்று அதுவே சொல்லும். எழுதியதைப் போனில் படம் பிடித்து அதில் போட்டால் டீச்சர் வீட்டிலிருந்தே திருத்தி மார்க் போடுவார். பகலில் அவர் மெட்ராஸ் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர். வகுப்பு எடுப்பது சும்மா, அவருடைய இஷ்டம்.

"அண்ணாச்சி, நீங்களே அமுக்குங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். எங்கன முழிக்கீங்கன்னு மட்டும் பாத்துக்கிடுதேன். ஒங்களுக்குப் புரிஞ்சா ஊருக்கே புரியும்."

எனக்கு எழுபத்தொன்று. டீச்சருக்கு முப்பது இருக்கும். ஆனாலும் வகுப்பில் அவருக்குத் தாத்தா, பாட்டி கிடையாது. எல்லாரும் அண்ணாச்சி, எல்லாரும் அக்கா.

பச்சைப் பொத்தானில் 'பதிவேற்று' என்று இருந்தது. எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டேன். வாசித்தேனே தவிர விளங்கவில்லை.

"படத்த மேல ஏத்துறது, அண்ணாச்சி."

"அப்போ ஏத்துன்னு போட்டாப் போதுமே. நடுவுல எதுக்குப் பதிவு?"

டீச்சர் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினார். பிறகு 'ஏற்று' என்று மாற்றினார். 'பதிவிறக்கு' என்பதும் 'இறக்கு' ஆகிவிட்டது.

ஏற்றுவதும் இறக்குவதும் என் தொழில். கேரள எல்லையில், புளியறையில் நாற்பது வருஷம் லாரிக்கு மூட்டை தூக்கினேன். மூட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நாளும் தெரிந்ததில்லை. இன்றைக்கு நான் சொன்ன சொல் கம்ப்யூட்டருக்குள் ஏறி உட்கார்ந்திருக்கிறது. பஸ்ஸில் வரும்போது சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்தவர் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

ஜூன் 5, வியாழன்

இன்றும் டீச்சரோடு. திரையின் அடியில் சிவப்பாக ஒரு பொத்தான். 'நீக்கு'.

"இது புரியுதா? யோசிச்சுச் சொல்லுங்க."

"இது தெரியாதா டீச்சர்? நாப்பது வருசம் நீக்கினவம்லா நான்!"

டீச்சர் சிரித்துவிட்டார். அடுத்ததற்குப் போனோம். இன்று ஒரு சொல்லும் மாற்றவில்லை. எல்லாம் எனக்குத் தெரிந்த சொற்களாகவே இருந்தன. பெருமையாக இருந்தது.

ஜூன் 8, ஞாயிறு

தளம் இன்று திறந்தது. நாங்கள் பத்தொன்பது பேர். ஒவ்வொருவர் பெயரும் வரிசையாக, எதிரே ஒரு கட்டம். கொடுத்துவிட்டால் கட்டத்தில் பச்சை விழும். தேதி தாண்டினால் சிவப்பில் 'தாமதம்' என்று வரும், எத்தனை நாள் என்ற கணக்கோடு.

நான்காம் பாடம்: 'யாருக்காவது ஒரு கடிதம்.' கடைசி நாள் ஜூன் 15, மாலை ஆறு மணி. அதுவரைக்கும் எதையும் திறந்து பார்க்கமாட்டேன், எல்லாருடையதையும் ஒரே நாளில்தான் படிப்பேன் என்றார் டீச்சர்.

என்னை வகுப்புத் தலைவர் ஆக்கிவிட்டார். போன் இல்லாதவர்கள் ஏழெட்டுப் பேர். அவர்களிடம் போய்ப் படம் பிடித்து ஏற்றவேண்டியது என் பொறுப்பு. தன்னுடைய பழைய போனை அதற்காகக் கொடுத்தார். அதில் எல்லார் கட்டமும் திறக்கும், டீச்சரின் லேப்டாப்பில் திறப்பதுபோல.

"பத்திரமா வச்சுக்கிடுங்க அண்ணாச்சி. தலைவருக்கு எல்லாக் கதவும் தெறக்கும்."

முகம்மது மீரான் பின் வரிசையிலிருந்து கத்தினார். குற்றாலத்தில் துண்டுக் கடை வைத்திருப்பவர். "வே மாடன்! இந்த வயசுல மறுபடியும் லோடுமேன் ஆயிட்டீரேவே!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

ஜூன் 10, செவ்வாய்

போனை மஞ்சள் பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். என் வீட்டுக்காரி மூக்கம்மாள் வாசலில் நின்று பார்த்தாள். "கோயில் மாட்டுக்கு மணி கட்டின மாதிரி இருக்கு" என்றாள். இருக்கட்டும்.

ஜூன் 12, வியாழன்

காலையில் குற்றாலம் போனேன். இராமலட்சுமி ஐந்தருவிப் பாதையில் நேந்திரங்காய் வற்றல் போடுகிறாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வகுப்பில் அவளும் நானும் ஒரே நாளில் சேர்ந்தோம். அவள் என்னைவிட வேகம்.

கடிதத்தைச் சிலேட்டில் எழுதி வைத்திருந்தாள். தாளென்றால் கை நடுங்குகிறதாம், பலப்பம் என்றால் தைரியமாம். சிலேட்டைக் கவிழ்த்தே வைத்திருந்தாள்.

"அண்ணாச்சி, படம் மட்டும் பிடிங்க. வாசிச்சிராதீங்க. இது டீச்சர் மட்டும் பாக்கதுக்கு."

"நான் எதுக்கும்மா வாசிக்கப்போறேன்?"

"சத்தியமா?"

"சத்தியமா."

சிலேட்டை நிமிர்த்தினாள். எடுத்தேன், ஏற்றினேன். பச்சை விழுந்தது. அவளுக்கும் பார்க்க ஆசை. எண்ணெய்க் கையோடு போனை வாங்கிப் பச்சையைப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள். நான் பையில் போடுவதற்குள் ஈரத் துணியால் சிலேட்டைத் துடைத்துவிட்டாள்.

நான் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறவன். ஒரு பார்வையில் வாசிக்கத் தெரியாது. படம் எடுக்கும்போது ஒரு எழுத்தும் வாசிக்கவில்லை. இது உண்மை.

ஜூன் 13, வெள்ளி

காலை. வாய்க்கால் பக்கம் கல்லில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். பதினெட்டுக் கட்டங்கள் பச்சை. என்னுடையது மட்டும்தான் பாக்கி. யாருக்குக் கடிதம் எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை.

மற்றவர்கள் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தால் என்ன என்று தோன்றியது. பார்த்தது இராமலட்சுமியுடையதைத்தான். நேரே அதற்குத்தான் போனேன். பொய் எழுதக்கூடாது.

வாசித்தேன். அரை மணி நேரம் ஆனது. மகளுக்கு எழுதியிருக்கிறாள். அந்தப் பெண் மூன்று வருஷத்துக்கு முன்னால் தானாக ஒருவனைக் கட்டிக்கொண்டு திருப்பூர் போய்விட்டது. "அவளத் தலைமுழுகிட்டேன்" என்று இராமலட்சுமி ஊரெல்லாம் சொன்னாள். ஐந்தருவிக்குப் போய் முழுகியே வந்தாள், அது எல்லாருக்கும் தெரியும்.

கடிதத்தில் இப்படி இருந்தது: 'உன்னைத் தலைமுழுகப் போனேன். அருவிக்கு உள்ளே போகவில்லை. ஓரத்தில் நின்றேன். தோள் வரைக்கும்தான் நனைந்தேன். முந்தியை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு வந்தேன். அருவியில் தலையை நனைக்கவில்லை மகளே.'

நான் முதன்முதலாக வாசித்த இன்னொருவர் எழுத்து இது. இவ்வளவு பெரிய விஷயத்தை எழுத்தால் சொல்ல முடிகிறதே! எழுந்து நின்றுவிட்டேன்.

பிறகு நடந்ததை எழுதுகிறேன். கடிதம் திரை முழுக்க நின்றது. பின்னால் இருக்கிற பெயர் வரிசை தெரியவில்லை. தள்ளி வைப்போம் என்று 'நீக்கு' என்பதை அமுக்கினேன். புளியறையில் நீக்கு என்றால் தள்ளி வை. மலையாளத்து லாரிக்காரர்கள் சொல்லிச் சொல்லி எங்கள் வாயிலும் ஒட்டிக்கொண்டது. "சாக்கை அங்கன நீக்கு, இங்கன நீக்கு" என்று ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லியிருப்போம். 'நிச்சயமாக நீக்கவா?' என்று போன் கேட்டது. 'ஆம்' என்றேன்.

கடிதம் போய்விட்டது. அந்தக் கட்டத்தில் பச்சை இல்லை.

எங்கே தள்ளியது என்று தெரியவில்லை. முன் மூட்டை பின் மூட்டையை மறைக்கும். ஒரு மூட்டையைக் காணோம் என்றால் அடுத்ததைத் தள்ளிப் பார்க்கவேண்டும். அடுத்த கட்டத்தைத் திறந்து நீக்கினேன். ஆம். அதற்குப் பின்னாலும் இல்லை. அதற்கடுத்தது. ஆம். ஆம். பதினெட்டையும் நீக்கிவிட்டேன்.

கடைசியில் திரையில் ஒரே ஒரு வரி. 'எதுவும் இல்லை.'

எங்கேயோ ஒரு பக்கமாகத்தான் கிடக்கும். டீச்சருக்கு எடுக்கத் தெரியும்.

ஜூன் 14, சனி

ரேஷன் கடை வரிசையில் நின்றேன். சுவரில் புதிதாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. இப்போதெல்லாம் எந்தத் தாளைக் கண்டாலும் வாசிக்காமல் விடமுடிவதில்லை. 'இறந்தவர்களின் பெயர்களைக் குடும்ப அட்டையிலிருந்து உடனே நீக்கவும்.'

இரண்டு தடவை வாசித்தேன். செத்தவனைத் தள்ளி வைக்கச் சொல்லுவார்களா?

முன்னால் நின்ற பையனிடம் கேட்டேன். "நீக்குன்னா எடுத்துருறது தாத்தா. இல்லாம ஆக்கிருறது."

சர்க்கரை வாங்காமலே வந்துவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். எல்லாருக்கும் முன்பாகப் போய் டீச்சரிடம் தனியாகச் சொல்லிவிடலாம் என்று. போகும்போது இராமலட்சுமி ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தாள். தலைக்குப் பூ வைத்திருந்தாள். வகுப்புக்கு அவள் பூ வைத்து நான் பார்த்ததில்லை.

நீக்கினேன் என்று சொன்னால், ஏன் திறந்தாய் என்று கேட்பார்கள். திறந்தேன் என்றால் வாசித்தாயா என்று அவள் கேட்பாள்.

ஆறு மணிக்கு டீச்சர் எல்லார் முன்னாலும் லேப்டாப்பைத் திறந்தார். எதுவும் இல்லை. மூடினார், திறந்தார். முகம் வெளுத்துவிட்டது.

"என் தப்புதான். நான் எழுதின கம்ப்யூட்டர் கோடுலதான் எங்கயோ ஓட்டை இருக்கு. படம் போனுலயும் தங்காது, நேரே தளத்துக்குப் போயிரும். இன்னொரு பிரதி எடுத்து வச்சிருக்கணும், வைக்கல. யாரு எப்ப எதத் தொட்டாங்கன்னு குறிச்சு வைக்கவும் இன்னும் ஏற்பாடு பண்ணல. மன்னிச்சிருங்க."

டீச்சர் எங்களிடம் மன்னிப்புக் கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது இராமலட்சுமி எழுந்தாள். "டீச்சர், நாந்தான் எதையும் அமுக்கிட்டனோ என்னமோ. அண்ணாச்சி கையில இருந்து போன வாங்கிப் பாத்தேன். எண்ணக் கையி."

மீரான் விடவில்லை. "அதாம் சங்கதி! எண்ணெயில வழுக்கி எல்லாக் கடுதாசியும் கீழ விழுந்துட்டு டீச்சர்!"

வகுப்பே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை.

நானும் சிரித்தேன். எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதிவைக்கிறேன். நானும் சிரித்தேன்.

மற்றவர்கள் நோட்டில் எழுதியது கையில் இருக்கிறது, மறுபடி படம் பிடித்தால் ஆயிற்று. கடைசி நாளை 18 என்று டீச்சர் தள்ளி வைத்தார். சிலேட்டில் எழுதியவள் ஒருத்திதான்.

ஜூன் 16, திங்கள்

சொல்லவில்லை.

ஜூன் 18, புதன்

பதினேழு பச்சை. இல்லாதது இரண்டு, இராமலட்சுமியும் நானும். ஆறு மணிக்கு இரண்டு கட்டமும் சிவப்பாயின. போனைத் தொடவே பயமாக இருக்கிறது. ஒற்றை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுவிடுகிறேன்.

ஜூன் 19, வியாழன்

இராமலட்சுமி வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. டீச்சர் போய்ப் பார்த்திருக்கிறார்.

"இனிமே வரமாட்டாங்களாம் அண்ணாச்சி. 'எனக்கு இந்தப் போனு ஒத்துவராது, எல்லாரு பாடத்தையும் கெடுத்துட்டேன்'னு சொல்லுதாங்க. மறுபடி எழுதுங்கக்கான்னேன். 'அது அழிஞ்சது நல்லதுக்குத்தான், எழுதக்கூடாதத எழுதிட்டேன் போல, தெய்வமே துடைச்சுட்டு'ன்னுட்டாங்க. அப்படி என்ன எழுதியிருந்தாங்களோ?"

என்ன எழுதியிருந்தாள் என்று உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தக் கடிதம் திருப்பூருக்குப் போகவேண்டியது. டீச்சர் பார்த்துத் திருத்திக் கொடுத்தால் மகளுக்கு அனுப்பத்தானே எழுதியிருப்பாள்? மூன்று வருஷம் கழித்து ஒருத்தி மனசைத் திறந்தாள். நான் நீக்கிவிட்டேன். தெய்வம் துடைத்தது என்கிறாள். தெய்வமா துடைச்சுது? ஏலே மாடா, சொல்லுலே. தெய்வமா துடைச்சுது?

டீச்சர் நான்கு நாளாக ஓட்டையைத் தேடுகிறார். இன்னும் ஆறு வகுப்புகளுக்கு இந்தத் தளத்தைக் கொடுப்பதாக இருந்தார். வேண்டாம் என்று எழுதிவிட்டாராம்.

ஜூன் 20, வெள்ளி

சாப்பிடும்போது மூக்கம்மாளிடம் சொல்லிவிட்டேன். நீக்கியதைச் சொன்னேன். கடிதத்தில் என்ன இருந்தது என்று சொல்லவில்லை, அவள் கேட்கவும் இல்லை.

"அவகிட்ட சொல்லிட்டீரா?"

"இல்ல."

"டீச்சர்ட்ட?"

"இல்லட்டி."

"அப்போ என்கிட்ட எதுக்குச் சொல்லுதீரு? நானா பாவமன்னிப்பு குடுக்கேன்?" தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நூறு கிலோ சாக்க முதுகுல தூக்கின மனுசனுக்கு ஒரு வார்த்தையத் தூக்க நோவுதாக்கும்."

எழுத்துத் தெரியாத நாளில் நான் இப்படிப் பொய்யாக இருந்ததில்லை. மூட்டை கிழிந்தால் கிழிந்தது என்று அங்கேயே சொல்லிவிடுவேன். சொல்லாமல் எங்கே போவது, கீழே கொட்டிக் கிடக்குமே. இங்கே கொட்டியது யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

வகுப்புக்குப் போகவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து இராமலட்சுமியின் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். அன்றைக்கு ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுத் தொட்டு வாசித்ததால் மனசில் அப்படியே இருக்கிறது. நாற்பது வருஷம் எந்த லாரியில் எத்தனை மூட்டை என்று தலையில் வைத்திருந்தவன். வேகமாக வாசிக்கிறவனுக்கு இவ்வளவு நினைவிருக்காது என்று நினைக்கிறேன்.

பதினோரு வரி. எட்டாவது வரி மட்டும் வரவில்லை. அன்றைக்கே அது எனக்கு விளங்கவில்லை, பலப்பம் கலைந்திருந்தது. நானாக ஒன்றைச் சேர்க்கலாமா என்று யோசித்தேன். 'உடம்பைப் பார்த்துக்கொள்' என்று எழுதினால் யாருக்கும் தெரியாது. எழுதவில்லை. ஒரு வரி அளவுக்கு இடம் விட்டேன்.

மூன்று தாள் கிழித்து நாலாவதில் சரியாக வந்தது.

ஜூன் 24, செவ்வாய்

குற்றாலம் போய்வந்தேன்.

நல்ல கூட்டம். தார்ப்பாய்க்கு அடியில் போய் நின்றேன். இராமலட்சுமி கரண்டியை எண்ணெயிலிருந்து எடுக்காமல் தலையை மட்டும் தூக்கினாள்.

"என்ன அண்ணாச்சி, வத்தலா? கால் கிலோ போடவா?"

"வத்தல் வேண்டாம்மா. ஒரு காரியம் சொல்லணும்."

"சொல்லுங்க. கைதான் சும்மா இல்ல, காது சும்மாத்தான் இருக்கு."

சொன்னேன். நீக்கியதிலிருந்து தொடங்கவில்லை. வாசித்ததிலிருந்து தொடங்கினேன். அப்படித்தான் தொடங்கவேண்டும் என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன்.

அவள் கரண்டி நின்றுவிட்டது. கருகல் வாடை வந்த பிறகுதான் வற்றலை அள்ளினாள். அந்த ஈடு முழுக்கப் பாழ்.

"நீக்கினது தெரியாம. சரி. வாசிச்சது?"

"தெரிஞ்சுதான்."

"சத்தியம் கேட்டேம்லா நான்?"

"கேட்ட."

"பண்ணீங்கல்லா?"

"பண்ணினேன்."

யாரோ அரைக் கிலோ கேட்டார்கள். நிறுத்துக் கொடுத்தாள். அவர்கள் போகும்வரை என் பக்கம் திரும்பவில்லை.

"மூக்கம்மாக்காட்ட சொன்னீங்களா?"

"நீக்கினதச் சொன்னேன். நீ எழுதினதச் சொல்லல."

"வேற யாருகிட்டயும்?"

"யாருகிட்டயும் இல்ல. ஆனா என் நோட்டுல எழுதிட்டேன். அதையும் சொல்லிருதேன்."

"அது கிடக்கட்டும். ஒங்க கையெழுத்த ஒங்களத் தவிர யாரு வாசிக்கப்போறா?"

சிரிக்காமல்தான் சொன்னாள்.

தாளை நீட்டினேன். கையை முந்தியில் நன்றாகத் துடைத்துவிட்டு வாங்கினாள். உதடு அசைய அசைய வாசித்தாள். மழை தார்ப்பாயில் சடசடவென்று விழுந்தது. நான் அருவிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அருவிக்குச் சின்ன ர-வா, பெரிய ற-வா?"

"தெரியலம்மா."

"சின்னது. நான் சரியாத்தான் எழுதியிருந்தேன். நீங்க மாத்திட்டீங்க." விரலைக் கீழே ஓட்டி, "இங்கன ஒரு வரி விட்டிருக்கு."

"அது எனக்கு வாசிக்க வரல."

"வராதது நல்லது. பேனா வச்சிருக்கீங்களா?"

கொடுத்தேன். எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். ஒரு கையால் மறைத்துக்கொண்டு விட்ட இடத்தில் எழுதினாள். சிலேட்டு இல்லை, தாள்தான். கை நடுங்கியதா என்று தெரியவில்லை. எழுதி முடித்து நாலாக மடித்து இடுப்பில் செருகினாள். பேனாவைத் திருப்பித் தந்தாள். எண்ணெயாக இருந்தது.

"போங்க அண்ணாச்சி. யாவாரம் கிடக்கு."

பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. நானும் அதை எதிர்பார்த்து நிற்கவில்லை, பஸ்ஸுக்கு நடந்தேன்.

ஜூன் 25, புதன்

டீச்சர் வீட்டுக்குப் போனேன். சொன்னேன்.

"பத்து நாளா என்னையே திட்டிக்கிட்டு இருந்தேன் அண்ணாச்சி. ஒவ்வொரு வரியா பிரிச்சுப் பாத்தேன்."

அதைவிட ஒரு அறை விட்டிருக்கலாம்.

பிறகு கேட்டார். "நீக்குன்னா என்னன்னு நெனச்சீங்க?"

எழுந்து, மூலையில் இருந்த அரிசி மூட்டையை இரண்டு கையாலும் ஒரு சாண் தள்ளிக் காட்டினேன். "இது நீக்குறது. மூட்ட போயிறாது டீச்சர். இங்கனதான் இருக்கும்."

டீச்சர் மூட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அன்னைக்கு ஒங்ககிட்ட கேட்டேன். 'நாப்பது வருசம் நீக்கினவன்'னீங்க. நான் என்னன்னு கேக்காமச் சிரிச்சிட்டுப் போயிட்டேன்" என்றார்.

சொல்லின் மேல் பழி போட நான் வரவில்லை என்றேன். சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம். பத்து நாள் வாயை மூடியிருந்ததற்கு ஒரே அர்த்தம்தான்.

லேப்டாப்பைத் திறந்து என் முன்னாலேயே 'நீக்கு' என்பதை எடுத்துவிட்டு 'அழி' என்று போட்டார். அழித்தால் உடனே போகாது, முப்பது நாள் ஒரு பெட்டியில் கிடக்கும், வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாம் என்று இனிமேல் செய்வாராம். தலைவர் போனை மேசையில் வைத்தேன். அவர் எடுக்கவும் இல்லை, எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவும் இல்லை.

ஜூன் 29, ஞாயிறு

வகுப்பில் எழுந்து நின்று எல்லாரிடமும் சொன்னேன். இராமலட்சுமி வந்திருக்கவில்லை. அவள் மேல் தப்பில்லை, எண்ணெய் மேலும் தப்பில்லை, நான்தான் என்றேன். என்ன வாசித்தேன் என்பதைச் சொல்லவில்லை.

மீரான் கேலி செய்வார் என்று நினைத்தேன். செய்யவில்லை. "அன்னைக்கு எங்ககூடச் சேந்து நீரும்லாவே சிரிச்சீரு?" என்றார்.

ஆமாம் என்றேன்.

ஜூலை 1, செவ்வாய்

இராமலட்சுமி வந்தாள். முன் வரிசையில் உட்கார்ந்தாள். தலைவர் போன் இப்போது அவள் கையில். டீச்சர் கொடுத்திருக்கிறார். மஞ்சள் பை வேண்டாம் என்று இடுப்பில் செருகியிருக்கிறாள். அவள் கட்டத்தில் பச்சை. தாமதம் என்று விழுந்திருந்ததை டீச்சர் எடுத்துவிட்டிருக்கிறார்.

பக்கத்து அக்காவிடம் அவள் சொன்னது காதில் விழுந்தது. "நேத்து இந்தப் போனுலயே வாட்ஸப்புல அனுப்பிட்டேன். ரெண்டு டிக்கும் நீலமாயிட்டு. பதிலு இன்னும் வரல. வாசிச்சிட்டா, அது போதும்."

என் கடிதம் நேற்றுத்தான் முடிந்தது. யாருக்கு எழுதுவது என்று கடைசியில் தெரிந்துவிட்டது. முதல் வரியிலேயே பெயர் எழுதியிருக்கிறேன். தாளைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தேன்.

"ஏத்தணுமா?"

"ஆமாம்மா."

தாளை நேராக வைத்தாள். போனை மேலே பிடித்தாள். பிடித்துக்கொண்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"பயப்படாதீங்க அண்ணாச்சி. நான் வாசிக்கமாட்டேன்."

வாசிக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அமுக்கிவிட்டாள். பார்க்காமல் எடுத்ததால் படம் கோணலாக வந்தது. முதல் வரியில் 'இராமலட்சுமிக்கு' என்பதில் 'இரா' மட்டும் வெளியே போய்விட்டது.

ஏறியது. என் கட்டத்தில் சிவப்பாக விழுந்தது. தாமதம், 13 நாள்.

சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறது.